எல்லாம் குளவிதானா?
பூவைக் காயாக்கும் பூச்சிகளைப் பற்றி ஒரு பாடம்

தோட்டத்தில் குளவி என்ற சொல்லைக் கேட்டாலே உடம்பு கூசும். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் குளவி கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார்கள் என்ற செய்தி ஆண்டில் பல தடவை பத்திரிகையில் வருகிறது. உயிர்கள் போயிருக்கின்றன. முதுகில் கூடை, காலடியில் சரிவு, பக்கத்தில் தேயிலைச் செடி. இப்படி நிற்கும் ஒரு தாய் எந்தப் பக்கம் ஓடுவாள்? ஆகவே இந்தப் பயம் நியாயமான பயம். இதை யாரும் லேசாகப் பேசக்கூடாது.

ஆனால் இந்தப் பயத்தினால் நாம் இன்னொரு காரியமும் செய்கிறோம். கண்ணில் படும் கூட்டை எல்லாம் குளவிக் கூடு என்று முடிவு கட்டி, பந்தம் கட்டிக் கொளுத்துகிறோம். அதே லயத்தில் இன்னொரு குரலும் கேட்கிறது. "பூசணிக் கொடி பூத்துப் பூத்துக் கொட்டுது, ஒரு காயாவது நிக்கணுமே! யாரு கண்ணு பட்டுச்சோ!" என்று ஒரு பாட்டி சொல்வார். பந்தத்துக்கும் பாட்டியின் பூசணிக்கும் தொடர்பு உண்டு. அந்தத் தொடர்பைத்தான் இம்முறை நாம் படிக்கப் போகிறோம்.

பூ எப்படிக் காயாகிறது?

பூசணிக் கொடியை நாளைக் காலையில் சற்று உற்றுப் பாருங்கள். அதில் இரண்டு வகைப் பூ இருக்கும். ஒன்று நீண்ட மெல்லிய காம்பில் நிற்கும். இது ஆண் பூ. மற்றதன் அடியில் சின்னஞ்சிறு பூசணிப் பிஞ்சு ஒன்று உருண்டையாக இருக்கும். இது பெண் பூ. ஆண் பூவின் நடுவில் மஞ்சள் பொடி இருக்கும். அதுதான் மகரந்தம். அந்தப் பொடி பெண் பூவின் நடுவில் போய் ஒட்டினால்தான் பிஞ்சு காயாகும். ஒட்டாவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி வெம்பி விழும். பொடி போதாமல் கொஞ்சம் மட்டும் ஒட்டினால் காய் ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சூம்பிப் போகும்.

பூசணியின் பொடி கனமானது, ஒட்டும் தன்மையுள்ளது. காற்று அதைக் கொண்டுபோகாது. பூச்சிதான் கொண்டுபோக வேண்டும். தேனுக்காக ஆண் பூவில் இறங்கும் தேனீயின் உடம்பு மயிரில் பொடி ஒட்டிக்கொள்ளும். அது அடுத்த பூவுக்குப் போகும்போது பொடி அங்கே உதிரும். இதற்குத்தான் மகரந்தச் சேர்க்கை என்று பெயர். பூசணிப் பூ விடியற்காலையில் விரிந்து, பகல் ஏறுவதற்குள் வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ வராவிட்டால் அந்தப் பூவின் கதை முடிந்தது. கண்ணூறு ஒன்றும் கிடையாது. வரவேண்டிய விருந்தாளி வரவில்லை, அவ்வளவுதான்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். காலை ஆறரை, ஏழு மணிக்கு ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, நடுவிலுள்ள பொடியை ஒரு பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். அந்தப் பூவுக்கு ஒரு நூல் கட்டி அடையாளம் வையுங்கள். ஒரு வாரத்தில், நூல் கட்டிய பிஞ்சையும் கட்டாத பிஞ்சுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நூல் கட்டியது நின்று மற்றவை விழுந்தால், உங்கள் தோட்டத்தில் பூச்சி குறைந்துவிட்டது என்பதே பெரும்பாலும் காரணம்.

எல்லாப் பயிருக்கும் பூச்சி ஒரே அளவில் தேவைப்படுவதில்லை. இதையும் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். போஞ்சி பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே சேர்க்கையை முடித்துக்கொள்ளும். கரட், கோவா, லீக்ஸ், உருளைக்கிழங்கு ஆகியவற்றில் நாம் உண்பது வேரும் இலையும் தண்டும் கிழங்கும்தான். ஆனால் கரட்டுக்கும் கோவாவுக்கும் லீக்ஸுக்கும் விதை வேண்டுமென்றால் அங்கே பூச்சி வேண்டும். பூசணி, வெள்ளரி, பாகல், புடோல், சவ்சவ் போன்ற கொடிகளுக்குப் பூச்சி இல்லாமல் காரியம் நடக்காது. கொடித்தோடை, பட்டர் புருட், கொய்யா, ஏலம் ஆகியவற்றின் விளைச்சலும் பூச்சியை நம்பியே இருக்கிறது. தக்காளியும் கத்தரியும் தாமாகவும் காய்க்கும். பூச்சி வந்து போனால் காய் கூடும், பருக்கும்.

2016ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் ஆதரவுடன் பல நாட்டு விஞ்ஞானிகள் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் நாலில் மூன்று பங்கு, முழுவதுமாகவோ ஓரளவுக்கோ, பூச்சி, பறவை, வௌவால் போன்ற உயிர்களின் உதவியால் விளைகின்றன என்று அதில் சொன்னார்கள். காட்டுப் பூச்செடிகளிலோ நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அளவில் இந்த உதவியை எதிர்பார்க்கின்றன.

சிறிய நாடு, பெரிய செல்வம்

நமது இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர் மட்டுமே. ஆனால் இந்தச் சிறிய தீவில் 3,000க்கு மேற்பட்ட பூக்கும் தாவர வகைகள் இயற்கையாக வளர்கின்றன. அவற்றில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு உலகில் வேறு எங்கும் கிடையாது. வண்ணத்துப்பூச்சிகள் 240 வகைக்கு மேல். தேனீ இனத்தைச் சேர்ந்தவை மட்டும் ஏறக்குறைய 150 வகை. தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் ஒன்றாகச் சேர்த்து, உலகில் உயிர்வகைகள் நிறைந்தும் அதே சமயம் அழிவை எதிர்நோக்கியும் இருக்கும் முக்கிய இடங்களில் ஒன்றாக விஞ்ஞானிகள் கணித்திருக்கிறார்கள்.

இந்தச் செல்வத்தின் பெரும்பகுதி எங்கே இருக்கிறது தெரியுமா? நாட்டில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கான ஈர வலயத்தில், அதிலும் நாம் வாழும் மலைநாட்டில். ஒரு காலத்தில் இந்த மலைகள் எல்லாம் காடு. கோப்பிக்காகக் காடு வெட்டப்பட்டது. 1869இல் கோப்பி இலைகளில் நோய் கண்டு கோப்பி அழிந்த பிறகு தேயிலை வந்தது. வெட்டியதும் சுமந்ததும் நட்டதும் எமது பாட்டன் பூட்டன்மாரின் கைகள். எஞ்சிய காடு இன்று மலை உச்சியிலும் ஓடைக் கரையிலும் துண்டு துண்டாக நிற்கிறது. சிவனொளிபாதமலைக் காடு, ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகிய மூன்றையும் சேர்த்து 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது. இந்தக் காடுகளின் ஓரத்தில் குடியிருப்பவர்கள் யார்? நாம்தான்.

தேயிலை மலையில் ஒரே ஒரு வகைச் செடிதான் கண்ணுக்கெட்டிய தூரம் வரை இருக்கிறது. கொழுந்து எடுத்துக்கொண்டே இருப்பதால் அதுவும் அதிகம் பூப்பதில்லை. ஆகவே ஒரு தேனீக்குத் தேயிலை மலை என்பது கடை எல்லாம் பூட்டிக் கிடக்கும் ஊர் மாதிரி. அதற்குச் சாப்பாடு கிடைப்பது காட்டுத் துண்டிலும், கிரவீலியா, டர்பன்டைன் மரங்களிலும், கான் ஓரத்துக் களைப் பூக்களிலும், நமது வீட்டுத் தோட்டத்திலும்தான்.

யார் யார் என்று தெரிந்துகொள்வோம்

குளவி கொட்டியது என்று நாம் சொல்லும் பல சம்பவங்களில் கொட்டியது உண்மையில் குளவியே அல்ல, பெருந்தேனீ. ஆளை அடையாளம் தெரிந்துகொண்டால்தான் எதற்கு விலகுவது, எதை வளர்ப்பது என்று தெரியும்.

1. பெருந்தேனீ. மலைத்தேனீ என்றும் சொல்வார்கள். சிங்களத்தில் பம்பரா. உயரமான மரக் கிளை, கற்பாறை, நீர்த்தாங்கி, கட்டடக் கூரை ஆகியவற்றின் கீழே ஒரே ஓர் அடை, அரைவட்டப் பலகை போல வெளியே தெரியும்படி தொங்கும். மூன்று நான்கு அடி அகலமும் இருக்கும். அதன்மேல் பல்லாயிரம் ஈக்கள் கறுத்த திரை மாதிரி மூடியிருக்கும். அந்தத் திரையில் அலை அடிப்பது போல் தெரிந்தால் அவை உசாராக இருக்கின்றன என்று அர்த்தம். உடனே விலக வேண்டும். மிக ஆபத்தானது இதுதான். காட்டு மரங்களின் பூக்களுக்கு மிகவும் தேவையானதும் இதுதான். இவை ஓரிடத்தில் நிரந்தரமாக இருப்பதில்லை. பூப் பருவத்தைப் பார்த்துக் கீழ்நாட்டுக்கும் மலைநாட்டுக்கும் இடம்பெயரும். அடுத்த பருவத்தில் பெரும்பாலும் அதே மரத்துக்கே திரும்பி வரும்.

2. பொந்துத் தேனீ. சிங்களத்தில் மீ மெஸ்ஸா. மரப் பொந்திலும் கல் இடுக்கிலும் பல அடைகளை அடுக்கடுக்காகக் கட்டும். பெட்டியில் வைத்து வளர்க்கக்கூடியது இதுவே. கூட்டை நோண்டாவிட்டால் தானாக வந்து கொட்டுவது குறைவு. வீட்டுத் தோட்டத்துக்கு இதைவிட நல்ல வேலையாள் கிடையாது.

3. கொசுத்தேனீ. எறும்பு அளவுதான் இருக்கும். சுவர் ஓட்டையிலும் மரப் பொந்திலும் வாழும். வாசலில் மெழுகால் ஒரு சிறு குழாய் வைத்திருக்கும். இதற்குக் கொட்டும் கொடுக்கே கிடையாது. சூடான கீழ்ப்பகுதித் தோட்டங்களில் இதைக் காணலாம். இதைக்கூட மண்ணெண்ணெய் ஊற்றிக் கொல்பவர்கள் இருக்கிறார்கள்!

4. கருவண்டு. காய்ந்த மரக் கட்டையில் வட்டமாகத் துளை போட்டு வாழும் பெரிய கறுத்த வண்டு. வண்டு என்று சொன்னாலும் இதுவும் தேனீ இனம்தான். கொடித்தோடைப் பூ பெரியது. சின்னத் தேனீ வந்தால் தேனைக் குடித்துவிட்டுப் போய்விடும், காரியம் நடக்காது. கருவண்டின் அகன்ற முதுகில்தான் பொடி சரியாக ஒட்டும். கொடித்தோடை காய்க்கவில்லை என்றால் முதலில் கருவண்டைத் தேடுங்கள்.

5. நீலப் பட்டைத் தேனீ. வயிற்றில் நீலக் கோடுகள் மின்னும். மண் சுவரிலும் வெறும் மண்ணிலும் துளை போட்டுத் தனியாக வாழும். தக்காளிப் பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு 'ஙொய்' என்று அதிரும். அந்த அதிர்வில் பூவின் உள்ளே அடைபட்டிருக்கும் பொடி வெளியே கொட்டும்.

6. குளவி. சிங்களத்தில் தெபரா. மரத்தைக் கடித்து மென்று, காகிதம் மாதிரியான பொருளால் பந்து போலக் கூடு கட்டும். உள்ளே தேன் கிடையாது. கூட்டைத் தொந்தரவு செய்தால் கூட்டமாக வந்து கொட்டும். ஆனால் புழுக்களையும் ஈக்களையும் பிடித்துத் தன் குஞ்சுகளுக்கு ஊட்டுவதும் இதுதான்.

7. வேட்டைக் குளவி. லயத்துச் சுவரில் மண்ணால் சின்னக் கூடு கட்டுவது. தனியாக வாழ்வது. கையால் பிடித்து நசுக்கினாலன்றிக் கொட்டாது. இதற்குப் பயப்படவே தேவையில்லை.

இவற்றோடு வண்ணத்துப்பூச்சி, தேன்சிட்டு, இரவில் வரும் விட்டில், வௌவால் ஆகியவையும் பூவுக்கு வேலை செய்கின்றன.

பூச்சி இல்லாவிட்டால் என்ன ஆகும்?

இதற்கு ஓர் உண்மைக் கதை உண்டு. நம்மைப் போன்ற ஒரு தோட்டத்துப் பிள்ளையின் கதை அது.

ஐஸ்கிரீமுக்கு வாசனை தரும் வனிலா என்னும் கொடி மெக்சிகோ நாட்டுக்குச் சொந்தமானது. அதை வேறு நாடுகளில் நட்டார்கள். கொடி நன்றாக வளர்ந்தது, பூத்தது. ஆனால் காய்க்கவில்லை. காரணம், அந்தப் பூவுக்குப் பழக்கமான பூச்சி மெக்சிகோவிலேயே தங்கிவிட்டது. இந்து சமுத்திரத்தில் ரியூனியன் என்ற பிரெஞ்சுத் தீவு இருக்கிறது. 1841ஆம் ஆண்டு அங்கே ஒரு தோட்டத்தில் அடிமையாக இருந்த எட்மண்ட் என்ற 12 வயதுச் சிறுவன், ஒரு சிறு குச்சியாலும் கட்டைவிரலாலும் வனிலாப் பூவைக் கையால் சேர்க்கை செய்யும் எளிய வழியைக் கண்டுபிடித்தான். உலகத்து வனிலா வியாபாரமே அந்தப் பிள்ளையின் விரலில்தான் தொடங்கியது. 1848இல் அடிமை முறை ஒழிந்தபோது எட்மண்ட் விடுதலை பெற்று அல்பியஸ் என்ற பெயரையும் பெற்றார். ஆனால் அந்த வியாபாரத்தின் இலாபம் அவருக்குக் கிடைக்கவில்லை. 1880இல் ஏழையாகவே இறந்தார்.

இன்றும் கண்டி, மாத்தளைப் பக்கம் வனிலா பயிரிடுகிறவர்கள், காலையில் விரியும் ஒவ்வொரு பூவையும் அன்றைக்கே கையால் தொட்டுத் தொட்டுத்தான் காய்க்க வைக்கிறார்கள். ஒரு பூச்சி சம்பளம் இல்லாமல் செய்யும் வேலையை மனிதன் செய்தால் எத்தனை பேர் நாள் போகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வனிலா விலை உயர்ந்த பொருள், கட்டுப்படியாகும். பூசணிக்கும் பாகலுக்கும் கட்டுமா?

தேயிலைக்கே நடந்த பாடம்

"பூச்சியைக் கொன்றால் பயிருக்கு நல்லதுதானே?" என்று சிலர் கேட்கலாம். தேயிலையிலேயே நடந்ததைச் சொல்கிறோம், கேளுங்கள்.

தேயிலை இலைகளை நூலால் ஒட்டிச் சுருட்டிக்கொண்டு உள்ளே இருந்து தின்னும் புழு ஒன்று உண்டு. டோர்ட்ரிக்ஸ் என்பார்கள். ஒரு காலத்தில் இலங்கைத் தேயிலைக்கு அது பெரும் தொல்லையாக இருந்தது. 1935, 1936ஆம் ஆண்டுகளில் ஜாவாத் தீவிலிருந்து மிகச் சிறிய ஒரு குளவி இங்கே கொண்டுவரப்பட்டு விடப்பட்டது. அந்தக் குளவி புழுவின் உடம்புக்குள் முட்டை இடும். குஞ்சுகள் உள்ளிருந்தே புழுவைத் தின்றுவிடும். டோர்ட்ரிக்ஸ் அடங்கியது. செலவும் இல்லை, மருந்தும் இல்லை.

1950களில் தேயிலைக் கம்பைத் துளைக்கும் வண்டைக் கொல்ல டீல்ட்ரின் என்ற கடும் மருந்து அடிக்கப்பட்டது. வண்டோடு சேர்ந்து அந்தச் சின்னக் குளவியும் செத்தது. என்ன நடந்தது? அடங்கிக் கிடந்த டோர்ட்ரிக்ஸ் புழு மறுபடி தலைதூக்கித் தேயிலையைத் தின்றது. டீல்ட்ரின் பின்னாளில் தடை செய்யப்பட்டது. ஒன்றைக் கொல்லப் போய் நமக்கு உதவி செய்த ஒன்றையும் கொன்றதுதான் அங்கே நடந்த பிழை. கொட்டாத குளவியும் உண்டு, தேயிலையைக் காத்த குளவியும் உண்டு என்பதை மறக்கக்கூடாது.

இது பழைய கதை என்று விட்டுவிட முடியாது. மரக்கறிக்கு அடிக்கும் மருந்துகளில் சில செடியின் சாற்றோடு கலந்து பூவின் தேனுக்கும் பொடிக்கும் போய்ச் சேர்கின்றன. இமிடாக்குளோபிரிட் முதலிய மூன்று மருந்துகள் தேனீக்களுக்குக் கேடு செய்கின்றன என்று கண்டு, ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் அவற்றைத் திறந்த வெளிப் பயிர்களுக்குப் பாவிக்கத் தடை விதித்தது.

முதலில் நமது உயிர்

பூச்சியைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லி நமது ஆட்களின் உயிரைப் பணயம் வைக்க முடியாது. இரண்டையும் காக்க வழி உண்டு.

பெருந்தேனீ காரணமில்லாமல் கலைவதில்லை. பருந்து வந்து அடையில் அடிப்பது, காற்றில் கிளை ஒடிவது, பிள்ளைகள் கல்லெறிவது, கீழே தீ மூட்டிப் புகை எழுப்புவது, புல் வெட்டும் மெஷினின் அதிர்வு ஆகியவைதான் பெரும்பாலும் காரணம். பந்தத்தால் கொளுத்துவதும் தீர்வல்ல. எரிந்தது போக மிஞ்சியவை கோபத்தோடு அந்த இடத்தையே சுற்றும். மறுநாள் காலையில் ஒன்றும் அறியாமல் அந்த வழியே கொழுந்துக்குப் போகிறவர்கள்தான் அகப்படுவார்கள். வெயில் காலத்தில் அந்தத் தீ மானாப் புல்லில் பிடித்தால் காடும் போகும், லயமும் போகும்.

பெருந்தேனீ பெரும்பாலும் அதே மரத்துக்குத் திரும்பி வரும் என்று மேலே சொன்னோம் அல்லவா? அதுவே நமக்கு உதவி. ஒவ்வொரு மலையிலும் எந்த மரத்தில், எந்த மாதத்தில் கூடு வருகிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு அந்த மாதம் வருமுன்னரே எல்லோரும் எச்சரிக்கையாக இருக்கலாம். கூட்டைக் கண்டவர் அன்றைக்கே கணக்கப்பிள்ளைக்கோ வெளிக்கள உத்தியோகத்தருக்கோ சொல்ல வேண்டும். கூட்டைச் சுற்றித் தூரத்தில் நாலு பக்கமும் சிவப்புத் துணி கட்ட வேண்டும். காலையில் பெரட்டுக் களத்தில் அதை அறிவிக்க வேண்டும். ஈக்கள் இடம்பெயரும் வரை அந்த ஓரத்தை விட்டு வேலை செய்ய ஒழுங்கு கேட்க வேண்டும். இப்படிக் கேட்பது வேலைக்குப் பின்னடிப்பது ஆகாது. உயிரோடு வீடு திரும்பக் கேட்கும் நியாயம். பாடசாலை, பிள்ளைக் காம்பரா, லயம் ஆகியவற்றின் அருகே கூடு இருந்தால், நிர்வாகத்தின் மூலம் பழக்கமுள்ளவர்களைக் கொண்டு இரவில் அகற்றச் செய்ய வேண்டும். நாமாக ஏறக்கூடாது.

கலைந்து வந்துவிட்டால்:

- கூடையைக் கழற்றிப் போட்டுவிடுங்கள். படங்கால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு, அடி பார்த்து ஓடுங்கள். கையை வீசி அடிக்க வேண்டாம்.
- வீடு, ஸ்டோர், வாகனம் எது கிட்டவோ அதற்குள் போய்க் கதவை மூடுங்கள். மற்ற ஆட்கள் நிற்கும் பக்கம் ஓடினால் அவர்களும் அகப்படுவார்கள்.
- தேனீ கொட்டினால் கொடுக்குத் தோலிலேயே நிற்கும். அதிலிருந்து விஷம் இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் எழும் வாசனை மற்ற ஈக்களையும் அழைக்கும். ஆகவே பாதுகாப்பான இடத்துக்கு வந்தவுடன் நகத்தால் சுரண்டியாவது சீக்கிரம் எடுத்துவிடுங்கள். குளவி கொடுக்கை விடாது. ஆனால் திரும்பத் திரும்பக் கொட்டும்.
- கொட்டிய இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, குளிர்ந்த ஈரத் துணி வையுங்கள். சுண்ணாம்பு தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.
- உதடு, நாக்கு, தொண்டை வீங்கினாலும், மூச்சு முட்டினாலும், தலை சுற்றி மயக்கம் வந்தாலும், உடம்பெல்லாம் தடித்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. ஒரே கொட்டிலும் சிலருக்கு இப்படி ஆகும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.
- பல இடங்களில் கொட்டு வாங்கியவர் நன்றாக இருப்பது போல் தெரிந்தாலும் வைத்தியசாலைக்குப் போகவே வேண்டும். விஷம் சிறுநீரகத்தைத் தாக்கலாம். சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் கறுத்துப் போனால் அது பெரிய ஆபத்தின் அடையாளம்.

நாம் செய்யக்கூடியவை

பெரிய காடுகளைக் காப்பது அரசாங்கத்தின் வேலை. ஆனால் லயத்துக்குப் பின்னால் இருக்கும் மூன்று பேர்ச்சஸ் நிலமும் ஒரு தேனீக்குச் சோறு போடும்.

- வீட்டுத் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்குப் பூக்களை விடுங்கள். துளசி, தும்பை, சூரியகாந்தி எல்லாம் நல்லவை. கொத்தமல்லியிலும் கடுகிலும் இரண்டு மூன்று செடிகளைப் பிடுங்காமல் பூக்க விட்டால் விதையும் கிடைக்கும், தேனீயும் வரும்.
- பூச்சி மருந்து அடித்தே ஆக வேண்டுமானால் பூ மூடிய பிறகு, மாலையில் அடியுங்கள். காலையில், பூ விரிந்திருக்கும்போது ஒருபோதும் அடிக்க வேண்டாம். போத்தலில் எழுதியுள்ள அளவைப் பிள்ளைகளைக் கொண்டாவது வாசித்துத் தெரிந்துகொள்ளுங்கள். புழு கொஞ்சம் என்றால் கையால் பொறுக்குவதே மேல்.
- பழைய வேலிக் கட்டை ஒன்றைக் கருவண்டுக்கு விடுங்கள். வெயில் படும் மண் மேட்டில் ஒரு சாண் இடத்தைக் கொத்தாமல் விடுங்கள், நீலப் பட்டைத் தேனீ குடி வரும்.
- காட்டுத் துண்டுகளில் தீ வைக்க வேண்டாம். ஓடைக் கரையில் உள்ள மரங்களை விறகுக்கு வெட்ட வேண்டாம்.
- ஆர்வமுள்ள இளைஞர்கள் பொந்துத் தேனீயைப் பெட்டியில் வளர்க்கலாம். பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு இருக்கிறது. டர்பன்டைன் மரங்கள் பூக்கும் ஊவாப் பகுதியில் நல்ல தேன் கிடைக்கும். பெட்டியை ஆட்கள் நடக்கும் பாதைக்கு அப்பால் வையுங்கள்.

மே மாதம் 20ஆம் திகதியை ஐக்கிய நாடுகள் சபை உலகத் தேனீக்கள் தினமாக அறிவித்திருக்கிறது. 2018இலிருந்து அது கொண்டாடப்படுகிறது. நமது பாடசாலைகளிலும் சிறுவர் கழகங்களிலும் அன்றைக்குப் பிள்ளைகள் ஆளுக்கொரு பூச்செடி நட்டால் அதுவே போதும், கூட்டமும் பேச்சும் தேவையில்லை.

பிள்ளைகளுக்குக் கேள்விகள்

இவற்றுக்கு விடை தேடப் புத்தகம் தேவையில்லை. பெற்றோரும் கூடச் சேர்ந்து பாருங்கள்.

1. உங்கள் வீட்டுப் பூசணிக் கொடியில் இன்று எத்தனை ஆண் பூ, எத்தனை பெண் பூ?
2. காலை ஏழு மணி முதல் ஏழே கால் வரை ஒரு பூவின் அருகே அசையாமல் இருங்கள். எத்தனை பூச்சி வந்தது? எத்தனை வகை?
3. உங்கள் லயத்தைச் சுற்றி இருக்கும் கூடுகள் எவை? மேலே சொன்ன ஏழில் எது எது? தூரத்தில் நின்றே பாருங்கள், கிட்டப் போகக்கூடாது.
4. உங்கள் தோட்டத்தில் பெருந்தேனீ வரும் மரங்கள் எவை, எந்த மாதம் வரும் என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். அந்தத் தாளைக் கணக்கப்பிள்ளையிடமோ நலன்புரி உத்தியோகத்தரிடமோ கொடுங்கள்.

நாலாவது கேள்விக்கு விடை எழுதும் பிள்ளை தன் அம்மாவின் உயிருக்கே ஒரு காவல் வைக்கிறது என்று நாம் நினைக்கிறோம். ஆகவே பந்தத்தைத் தூக்கு முன் ஒரு நிமிடம் நின்று, இது எந்தக் கூடு என்று பார்ப்போம். விலக வேண்டியதை விட்டு விலகுவோம். வளர்க்க வேண்டியதை வளர்ப்போம்.